அழகான துவக்கும் பாடுபட்ட சுரூபமும்



கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் அழகாய் இருக்கலாமா? இருக்குமாயின், அதை ஆசையோடு தேடி வாங்கி, எண்ணெய் பூசித் துடைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வது ஒரு கிறிஸ்தவனுக்கு ஆகுமா?

இது நமக்கு எட்டாத தூரத்துக் கேள்வி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பிள்ளைகள் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் குடியிருக்கிறார்கள். மேல்நாடுகளில் முத்திரை சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர் இருப்பது போலப் பழைய துவக்குச் சேர்ப்பவரும் உண்டு. அதற்கென நூல்களும் சங்கங்களும் ஏலங்களும் உண்டு. இங்கேயோ, போர்க்காலத்துப் பித்தளைச் செல் கோதைத் துலக்கிப் பூச்சாடியாக வைத்த வீடுகள் உண்டு. ஆனையிறவைக் கடந்து போகும்போதெல்லாம் வீதியோரத்தில் நினைவுச் சின்னமாய் நிற்கும் ஓர் இரும்பு வாகனத்தைக் காண்கிறோம். ஆகவே கேள்வி நம்முடைய படலையடியிலேதான் நிற்கிறது.

ஒரு போதகர் தேடிய வழி

சேர்ப்போர் மிகவும் விரும்பித் தேடும் பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். அது சித்திரம் செதுக்கிய பழைய றிவோல்வர், அதாவது சுழல் துவக்கு. இக்காலத்துத் தோட்டாவுக்கு முற்பட்டது. அதன் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடித்து இறுக்க வேண்டும். பின்புறத்து முனையிலே செம்பினால் செய்த சின்னஞ்சிறு தொப்பியொன்றை மாட்ட வேண்டும். தட்டினால் தீப்பற்றும் மருந்து அத்தொப்பிக்குள் இருக்கும். சுத்தியல் விழ, தொப்பி பொறி விடும். பொறி கரிமருந்தைப் பற்றும். சிறுவர் விளையாட்டுத் துவக்கில் வைத்துச் சுடும் பொட்டுவெடியை நினைத்துக்கொண்டால் விளங்கும். நம் முன்னோர் வேட்டைக்கு வைத்திருந்த இடியன் துவக்கும் இப்படி வாய்வழியே மருந்திட்டு இடிக்கப்பட்டதே.

தட்டினால் தீப்பற்றும் இம்முறைக்கு வழி திறந்தவர் ஒரு போர்வீரர் அல்லர். ஸ்கொத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் போதகர் அலெக்சாந்தர் போர்சைத் என்பவர். நீர்ப்பறவை சுடுவதில் அவருக்கு விருப்பம். பழைய தீக்கல் துவக்கில் முதலில் வெளியே ஒரு சுடர் எழும். அதைக் கண்டு பறவை பறந்துவிடும். அக்குறையைத் தீர்க்கவே போதகர் வழி தேடினார். 1807 இல் காப்புரிமையும் பெற்றார். பறவைக்காகத் தேடிய வழி ஒரு தலைமுறைக்குள் உலகத்துப் படைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1836 இல் சாமுவேல் கோல்ற் என்னும் அமெரிக்கர் தமது சுழல் துவக்குக்கு அங்கே காப்புரிமை பெற்றார். 1857 இல் உலோகத் தோட்டாவுடன் கூடிய றிவோல்வர் சந்தைக்கு வந்தது. 1870களில் செம்புத் தொப்பியின் காலம் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள். ஆனால் அந்த 40 ஆண்டுகளில் இரும்பின் மேல் செய்யப்பட்ட சித்திர வேலை வியக்கத்தக்கது. கொடியும் இலையுமாய்ச் சுருண்டோடும் கோலங்கள், யானைத் தந்தக் கைப்பிடி, பொன் பதிப்பு! ஜெர்மனியிலிருந்து குடியேறிய குஸ்தாவ் யங் போன்ற சித்திரக் கம்மியர்கள் இதில் பேர்பெற்றார்கள்.

கோல்ற் வியாபாரத்தில் வல்லவர். 1850களில் துருக்கிச் சுல்தானுக்கும் ரஷியச் சக்கரவர்த்திக்கும் பொன் பதித்த றிவோல்வர்களைப் பரிசளித்தார். அவ்விரு நாடுகளும் 1853 முதல் ஒன்றோடொன்று போரிட்டன. இரு பக்கத்துக்கும் ஒரே கையிலிருந்து பரிசு! அவருடைய 1851 ஆம் ஆண்டு மாதிரித் துவக்கின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். 1843 மே 16 இல் ரெக்சாஸ் கப்பல்கள் மெக்சிக்கோக் கப்பல்களோடு பொருதிய காட்சி அது. அதில் பாய்மரமும் புகையும் தெரியும். மூழ்கியவனின் முகம் தெரியாது. வாசகரே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சேர்ப்போர் சொல்லும் நியாயம்

பழைய துவக்குச் சேர்ப்போர் எல்லாரும் இரத்த வெறி பிடித்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் அமைதியான குடும்பத்தவர்கள். அவர்கள் சொல்லும் நியாயங்களை நேர்மையோடு கேட்போம்.

முதலாவது, கைத்திறன் கடவுளின் கொடை. யாத்திராகமத்தில், பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் வேலை செய்யும்படி பெசலேல் என்னும் கம்மியனை ஆண்டவர் தமது ஆவியால் நிரப்பினார் என்று வாசிக்கிறோம். அத்திறன் திருக்கிண்ணத்தில் விளங்கினால் என்ன, துவக்கில் விளங்கினால் என்ன, திறன் திறனே அன்றோ?

இரண்டாவது, பழைய ஆயுதம் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டமே, 1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்று விலக்கி வைக்கிறது. நம் தமிழிலும் ஒரு சான்று உண்டு என்பர். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றில் 95 ஆவது. அலங்காரம் செய்து காவலில் வைத்த தொண்டைமானின் வேல்களையும், போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் அவர் ஒப்பிட்டார். புகழ்வது போல் தொண்டைமானை இகழ்ந்தார் என்பர் புலவர். ஆனால் சேர்ப்பவர் கேட்பார்: “எவரையும் குத்தாமல் கொட்டிலில் கிடந்த வேல்தானே நல்ல வேல்?”

மூன்றாவது நியாயம் நம்மை நேரே தாக்குகிறது. “கத்தோலிக்கராகிய நீங்களும் ஆயுதங்களைப் போற்றி வைத்திருக்கிறீர்களே! சின்னப்பரின் கையில் வாள். செபஸ்தியாரின் உடலில் அம்பு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலுவை. அது உரோமரின் கொலைக் கருவி அல்லவா? அதைப் பொன்னால் செய்து கழுத்தில் போட்டுக்கொள்ளும் நீங்கள் எங்களைக் குறை சொல்லலாமா?”

கோலியாத்தின் வாள்

முதலாவது நியாயத்தை மறுக்க இடமில்லை. அழகாய் இருப்பதை அழகென்று சொல்வதில் பாவம் ஏதும் இல்லை. கம்மியன் தன் வேலையைச் செவ்வனே செய்தான், அதை மதிக்கலாம்.

இரண்டாவதற்கு வேதாகமமே மறுமொழி தருகிறது. தாவீது கோலியாத்தை வீழ்த்திய பின், அவனுடைய வாள் நோபு என்னும் ஊரில், ஆண்டவரின் சந்நிதியில், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இதைவிடப் பத்திரமான, பரிசுத்தமான இடம் வேறு உண்டா? காலம் சென்றது. சவுலுக்கு அஞ்சி ஓடிய தாவீது அங்கே வந்து ஆயுதம் கேட்டான். குருவாகிய அக்கிமெலேக் அந்த வாளைக் காட்ட, அதற்கு நிகர் வேறில்லை என்று தாவீது எடுத்துச் சென்றான். அப்பமும் வாளும் கொடுத்த குற்றத்துக்காக 85 குருக்கள் சவுலின் கட்டளையால் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். காட்சிப்பொருளாய்க் கிடந்த வாள் மறுபடியும் வாளாயிற்று; அதைச் சுற்றி இரத்தமும் பெருகிற்று.

யாழ்ப்பாணத்து முதியோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அநுமதிப்பத்திரத்தோடு, பெரும்பாலும் குடும்பப் பெருமைக்காகச் சுவரில் மாட்டியிருந்த வேட்டைத் துவக்குகள் 1980களில் எப்படி ஒவ்வொன்றாய் இயக்கங்களின் கைக்குப் போயின என்பதை அவர்கள் அறிவார்கள். பாட்டன் முயல் சுட்ட துவக்கு பேரன் காலத்தில் எதைச் சுட்டது என்பதைப் பாட்டன் அறிந்திருக்க நியாயமில்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய கரிமருந்து றிவோல்வர் அவ்வளவு எளிதில் போர்க்களம் திரும்பாது என்பது உண்மையே. ஆனால் ஆயுதத்தின் தீங்கு குண்டில் மட்டுமா இருக்கிறது? தொண்டைமான் தன் வேல்களைத் தூது வந்தவருக்கு ஏன் காட்டினான்? அழகை இரசிக்கவா? காட்சிக்கு வைத்த ஆயுதமும் பேசும். “என்னிடம் பலம் உண்டு” என்று அயலானுக்குச் சொல்லும். “இதுவே ஆண்மை” என்று சிறுவனுக்குச் சொல்லும்.

விலை வெளிப்படுத்தும் உண்மை

“நான் அழகை மட்டுமே விரும்புகிறேன்” என்று சேர்ப்பவர் சொல்வார். அவர் உண்மையாகவே அப்படி எண்ணலாம். ஆனால் சந்தை வேறு கதை சொல்கிறது.

2018 இல் அமெரிக்க ஏலமொன்றில் 1847 ஆம் ஆண்டுக் கோல்ற் றிவோல்வர் ஒன்று 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. அது அருமையான பழைய தொப்பித் துவக்கு. 2021 ஓகஸ்ற்றில் வேறொரு கோல்ற் 60 இலட்சம் டொலரையும் தாண்டியது. பிந்தியதில் பொன்னும் இல்லை, சித்திரமும் இல்லை. தொழிற்சாலையில் ஆயிரமாயிரமாய்ச் செய்யப்பட்ட தோட்டாத் துவக்கு அது. அப்படியானால் அதன் மதிப்பு எங்கிருந்து வந்தது? 1881 ஜூலை 14 இரவில், பில்லி த கிட் எனப்பட்ட 21 வயது இளைஞன் இருண்ட அறையொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தத் துவக்கினால்தான்! அவ்விளைஞன் தானும் கொலை செய்தவனே. சுட்டவர் சட்டத்தின் அதிகாரியே. ஆயினும் அவனுடைய சாவு இல்லாவிட்டால் அந்த இரும்புக்கு அந்த விலை ஏது? பொன் பதித்ததைவிட இரத்தம் பட்டது விலை உயர்ந்தது என்று சந்தை கூசாமல் கணக்குக் காட்டுகிறது.

பாருங்கள், இங்கே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, ஆயுதத்தின் அழகில் மயங்கி, அதனால் அடிபட்டவனை மறப்பது. மற்றது, அடிபட்டவனை நினைப்பது போல் நினைத்து, அவனுடைய சாவையே பொருளுக்குச் சூட்டும் அணியாக்குவது. இரண்டிலும் மனிதன் சிறுத்துப் போகிறான். இரும்பு பெருத்துப் போகிறது.

சிலுவையில் யார் இருக்கிறார்?

இனி மூன்றாவது நியாயம். சிலுவை கொலைக் கருவியே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் மாட்டியிருப்பது பாடுபட்ட சுரூபம். மரம் மட்டும் அங்கே இல்லை. மரத்தில் அறையுண்டவர் இருக்கிறார். பெரிய வெள்ளியன்று வரிசையில் சென்று முழந்தாளிட்டு நாம் முத்தமிடுவது ஆணியின் கூர்மையை மெச்சியன்று. ஆணி துளைத்த பாதங்களை வணங்கி. சின்னப்பரின் கையிலுள்ள வாள் அவர் வீசிய வாள் அன்று. அவருடைய தலையை வெட்டிய வாள். செபஸ்தியாரின் சுரூபத்தில் வில்லாளிகளைக் காணோம்; அம்பு தைத்தவரையே காண்கிறோம்.

கெத்செமனித் தோட்டத்தில் இராயப்பர் வாளை உருவிய செய்தியை நினைத்துப் பாருங்கள். அந்த வாள் எத்தனை முழம், பிடி எப்படியிருந்தது என்று சுவிசேஷகர் ஒரு சொல்லும் எழுதவில்லை. வெட்டுண்டவனோ ஓர் ஊழியன். அதுவும் எதிரியின் ஊழியன். ஆனாலும் அவனுடைய பெயர் மால்குஸ் என்று அருளப்பர் எழுதி வைத்தார். வெட்டுண்டது வலது காது என்றும் எழுதினார். ஆண்டவர் அக்காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்று லூக்காஸ் சேர்த்தார். ஆயுதத்தைப் பற்றி எழுதுவதற்கு இதுவே கிறிஸ்தவ முறை. கோல்ற்றின் உருளையில் மூழ்கியவனின் முகம் இல்லை. சுவிசேஷத்தில் அடிபட்டவனின் பெயர் இருக்கிறது.

ஆகவே இக்கட்டுரையின் முடிவு இதுதான்: ஓர் ஆயுதத்தை, அதனால் துன்பப்பட்டவரை நினைவில் வைத்து, அவர் முன் தலைகுனிந்து வைத்திருக்க முடியுமானால் வைத்திருக்கலாம். முடியாதாயின் கைவிட்டுவிடுவதே நலம்.

கண்டியும் ஆனையிறவும்

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே அண்மையில் ஓரளவு நடந்திருக்கிறது. 1765 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக்கின் படைகள் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டன. அங்கிருந்து போன பொருள்களுள் ஒன்று பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி. லெவ்கே திசாவை என்னும் பிரதானி மன்னனுக்குக் கொடுத்த பரிசு அது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒல்லாந்து நாட்டில் அழகிய கலைப்பொருளாய் அது போற்றப்பட்டது. யாருடைய கையிலிருந்து, எப்படி வந்தது என்று ஆராய்ச்சியாளர் பொறுமையாய்க் கேட்டபோது கதை மாறியது. 2023 டிசம்பரில் அந்தப் பீரங்கியும், பொன் வாளும், வெள்ளி வாளும், கத்தியும், இரண்டு பெருந்துவக்குகளும் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பின. ஆறும் ஆயுதங்கள், ஆறும் பேரழகு வாய்ந்தவை. அழகை மெச்சிய காலமெல்லாம் நீதி நடக்கவில்லை. பறிகொடுத்தவன் யார் என்று கேட்ட பின்னரே நடந்தது.

சிங்களத்திலும் துவக்குக்குத் துவக்கு என்றே பெயர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரு மொழியாரும் ஒரே சொல்லால் அழைக்கும் அக்கருவியால் இரு மொழித் தாய்மாரும் அழுதார்கள்.

ஆனையிறவில் நிற்கும் வாகனத்துக்கு வருவோம். 1991 ஜூலையில் இராணுவ முகாமை நோக்கிப் புலிகள் இரும்புக் கவசமிட்டு ஓட்டி வந்தது அது. படைவீரன் ஒருவன் அதன் மேல் ஏறிக் குண்டு வீசித் தன் உயிரைக் கொடுத்து அதை நிறுத்தினான் என்று அங்கே நினைவுகூரப்படுகிறது. உயிர் கொடுத்தவனை அவனுடைய மக்கள் நினைப்பது முறையே. ஆனால் அவ்வாகனத்துக்குள் இருந்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்களுக்கு அங்கே பெயர் இல்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. துவக்குப் பிடித்த இளைஞரின் படங்களை நாமும் பெருமையோடு பார்க்கிறோம். புலம்பெயர்ந்த நாடுகளில் அவை சட்டைகளிலும் சுவர்களிலும் விளங்குகின்றன. அந்தப் பிள்ளைகளின் தியாகத்தை நினைப்பது வேறு. அவர்கள் கையிலிருந்த இரும்பை அழகென்று கொண்டாடுவது வேறு. அந்த இரும்பு யார் யாரை நோக்கித் திரும்பியது, அதில் நம்மவர் எத்தனை பேர் என்பதைக் கேட்காமல் படத்தை மாட்டினால், நாமும் மால்குஸின் பெயரை அழித்துவிடுகிறோம். 1995 ஜூலை 9 இல் நவாலி புனித இராயப்பர் கோவிலில் தஞ்சம் புகுந்து குண்டுவீச்சில் மாண்டவர்களை ஆண்டுதோறும் நினைக்கும் நமக்கு, அடிபட்டவரின் பக்கத்தில் நின்று பார்ப்பது பழக்கமில்லாத காரியம் அன்று. அப்பழக்கத்தை எல்லாருக்கும் விரித்துக்கொள்வதே கடினமான பகுதி.

ஒரு சிறு ஆத்தும சோதனை

உங்கள் வீட்டில் பழைய வாளோ, துவக்கோ, செல் கோதோ இருந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதை வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுக்கிறதா? இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பழம்பொருள் என்று நாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது.

இது யாருடைய கையிலிருந்து வந்தது? பறித்ததாயின் அழகு அதற்கு நியாயமாகாது.

இது யாரை நோக்கிப் பிடிக்கப்பட்டது? பெயர் தெரியாவிட்டாலும், அப்படி ஒருவர் இருந்தார் என்பதை மறவாதிருக்கிறோமா?

இதைப் பற்றி என் பிள்ளைக்கு என்ன சொல்வேன்? விலையையும் வேலைப்பாட்டையும் மட்டுமே சொல்வேனாகில், அப்பிள்ளையின் மனத்தில் நான் விதைப்பது என்ன?

மண்ணில் கண்டெடுப்பவற்றைப் பற்றிக் கேள்விக்கே இடமில்லை. தொடவே வேண்டாம், பொலிசாருக்கு அறிவியுங்கள். போர் முடிந்து 15 ஆண்டுகள் கடந்த பின்னும் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோர் முழந்தாளில் நின்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வெடிபொருளுக்கு வயது கிடையாது.

கைவிடுவது தோல்வியன்று. 1522 இல் இஞ்ஞாசியார், மொன்செராற் மலையில் தேவமாதாவின் பீடத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து, தமது வாளையும் உடைவாளையும் அங்கேயே விட்டுச் சென்றார். போர்வீரராய் வந்தவர் புனிதராய் வளர்ந்தது அதன் பின்னர்தான்.

நம் மண்ணிலும் அப்படி ஒரு பாடம் உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் பீரங்கிகளோடு யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து, நம் விசுவாசத்தைத் தடைசெய்தார்கள். 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில், வெறுங்கையராய் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து மந்தையைத் தேற்றினார். 1795 இல் அதே கோட்டை ஆங்கிலேயர் கைக்கு எளிதாகப் போயிற்று. ஒல்லாந்தரின் பீரங்கிகள் நூதனசாலைக்கு உரியவையாயின. வெறுங்கையர் வளர்த்த விசுவாசத்தில் நாம் இன்றும் ஞாயிறுதோறும் பூசை காண்கிறோம். 2015 ஜனவரி 14 இல் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது.

ஆகவே, வாசகரே, ஆயுதம் ஏதும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அதைத் துடைக்கும் நாளில் ஒரு கணம் நில்லுங்கள். அதனால் அடிபட்டவர் நம்மவரோ பிறரோ, பெயர் தெரிந்தவரோ தெரியாதவரோ, அவருக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லுங்கள். அச்செபம் உங்கள் வாயில் தயங்காமல் வருமானால் அப்பொருள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். செபம் தொண்டையில் சிக்குமானால், அப்பொருளை எங்கே ஒப்படைப்பது என்று இந்த வாரமே உங்கள் பங்குக் குருவானவரோடு கலந்து பேசுங்கள்.